ஷகிலாவின் சுழல்படிப் பைத்தியம்

கடத்தூரில் தஸ்தகீர் ஸ்டுடியோவின் பாதிப் படங்களை எடுத்தவள் அவர் மனைவி ஷகிலா. ஆண்பிள்ளை முன்னால் நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்படும் பெண்களுக்காக அவரே அவளுக்குக் கற்றுக்கொடுத்தார். அதுவே வினையாகப் போயிற்று. ஷகிலாவுக்குச் சுழல்படி என்றால் உயிர். சினிமாக் கொட்டகையில் ஆபரேட்டர் அறைக்கு ஏறும் படியோ, தண்ணீர்த் தொட்டிப் படியோ, எங்கே இரும்பு வளைந்து ஏறினாலும் அடியில் மல்லாந்து படுத்தாவது படம் எடுத்துவிடுவாள்.

“படிக்கட்டு வந்து போட்டோ வாங்கிட்டுப் போவுமா? இன்னொரு தடவ வெறும் படியப் புடிச்சே, கேமராவப் பொட்டியில வெச்சுப் பூட்டிருவேன்” என்றார் தஸ்தகீர். சொன்னால் செய்கிற ஆள். கேமரா போனால் அடுப்படிதான் என்று ஷகிலாவுக்கு உள்ளூரப் பயம்.

எழுபத்தொன்றில் கம்பைநல்லூர் எண்ணெய் மில் மாயவன் வீட்டுக்குக் குடும்பப் படம் எடுக்கப் போனாள். பின்கட்டில் மொட்டைமாடிக்குப் புத்தம்புதுச் சுழல்படி! பயம் பறந்தது. வீட்டார் உடுத்தி வருவதற்குள் ஃபிலிமில் ஒரே ஒரு படத்துக்குத்தான் மிச்சம் இருந்தது.

மாயவனுக்கு மனைவியர் இருவர், தீர்த்தம்மாளும் சாலம்மாளும். இருவருக்கும் அவருடைய வலப்பக்கமே வேண்டும். நடுவில் மாயவன் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“படியில நில்லுங்க. வலமும் இல்ல, இடமும் இல்ல” என்றாள் ஷகிலா.

“அப்ப அவ எனக்கு மேல நிப்பாளா?” என்று தீர்த்தம்மாள் சீறினாள்.

“மாடியிலேர்ந்து கீழ பாத்து எடுக்கறேங்க்கா. படத்தத் திருப்பிப் புடிச்சா யாரு வேணும்னாலும் மேல வரலாம்.”

இருவரும் ஏறி எதிரெதிரே நின்றார்கள். மாயவனைக் கீழ்ப்படியில் நிறுத்திவிட்டு, மேலிருந்து மிச்சமிருந்த அந்த ஒரு படத்தைத் தட்டினாள்.

கழுவிய ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் தஸ்தகீர். ஒன்றைத் தவிர அத்தனையும் வெறும் படி. இருந்த ஒரு படத்தைப் பிரிண்டு போட்டு அனுப்பினார். கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். ஷகிலா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரமே மாயவன் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். “ஏனுங்க பாய், அதுல நான் எங்கங்க? குண்டுமணியாட்டம் ஒரு தலைதான் தெரியுது. அதப் பாத்து ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சிரிக்கறாளுங்க!”

தஸ்தகீர் நாற்காலியை விட்டு எழுந்தார். “நானே வந்து வேற எடுத்துத் தர்றேனுங்க.”

“ஐயோ, வேண்டாங்க! மூஞ்சி குடுக்காதவளுங்க இப்பத்தான் ஒரே அடுப்புல சோறாக்கறாளுங்க. அதே படம் இன்னொண்ணு போட்டுக் குடுங்க, அவங்கவங்க தல மேல வர்றாப்பல ஆளுக்கொண்ணு மாட்டிக்குவாங்க. மாரண்டஹள்ளியில எங்க மச்சானும் சுழல்படி போட்டிருக்காரு. படம் எடுக்க உங்க வீட்டம்மாவ அனுப்பச் சொன்னாரு.” மாயவன் குரலைத் தாழ்த்தினார். “அவருக்கும் ரெண்டு.”

அவர் போனதும் தஸ்தகீர் பெட்டியைத் திறந்து கேமராவை எடுத்து ஷகிலாவிடம் நீட்டினார்.

“ரெண்டு ரோலா எடுத்துட்டுப் போ” என்றார். “ஒண்ணு படிக்கு.”