நடுக்கடலில் நெட் வாங்காத நாள்

அன்னூரில் மோட்டார் பம்பு, பைப்பு, வயர் விற்கும் கடை எங்களுடையது. இருபது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பது நான். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஓனரு இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். போன வருடம் பம்பு கம்பெனி வைத்த இலக்கைத் தாண்டி விற்றுவிட்டேன். அதற்காக டீலர்களைக் கப்பலில் கூட்டிப்போவதாகக் கடிதம் வந்தது. கொச்சியில் ஏறி, இரண்டு இரவு கழித்து மும்பையில் இறங்க வேண்டும். நடுவில் முழுதாக ஒரு நாள் கடலில். ஜோடியாக வரலாம் என்று போட்டிருந்தது.

ஜோடியாகத்தான் போவதாக இருந்தோம். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது போர் வண்டிக்காரர் கூப்பிட்டு, எங்கள் முறை வந்துவிட்டது என்றார். கோடையில் ஆழ்குழாய்க் கிணறு போடும் அந்த வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதை விட்டால் இன்னும் ஒரு மாதம் ஆகும், தென்னை அதுவரை தாங்காது. டேங்கரில் தண்ணீர் வாங்கித்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம். அப்படியும் குரும்பை கொட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் போரும் பொய்த்தால் தோட்டத்தை வீட்டுமனையாக்கிச் சைட் போடுகிறவர்களுக்கு விற்றுவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். முடிவு செய்தது நான். அவர் தலையாட்டினார்.

"நீ போயிட்டு வா அம்மணி. நான் இருந்து பாத்துக்கறேன்" என்றார்.

அவருக்குப் பதிலாகத் துடியலூரிலிருந்து அவருடைய அக்கா என்னோடு வந்தார். நங்கையா என்று கூப்பிடுவேன். தம்பி மேல் உயிர், ஆனால் தம்பியின் சாமர்த்தியத்தின் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. "அவனுக்குக் கத்திரிக்கா வாங்கோணும்னாலும் நாலு பேருகிட்டக் கேக்கோணும்" என்று கொச்சி போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் மறுக்கவில்லை, எனக்கும் அதே எண்ணம்தான்.

போர் போடுவது எங்கள் ஊரில் ஒரு பரீட்சை மாதிரி. பாறையைத் துளைக்கத் துளைக்கக் குழியிலிருந்து வெள்ளைத் தூள் எழும்பும். அதைப் புகை என்போம். புகை வந்தால் தண்ணீர் இல்லை. ஒரு அளவுக்கு மேலே ஒவ்வொரு நூறு அடிக்கும் வண்டிக்காரர் வந்து, போகலாமா நிறுத்தலாமா என்று தோட்டத்துக்காரரைக் கேட்பார். ஆழம் கூடக்கூட அடிக்கு ரேட்டும் ஏறும். தண்ணீர் வந்தால் அதை இஞ்சுக் கணக்கில் சொல்வோம். ஒரு இஞ்சு என்றால் தோட்டம் பிழைத்துக்கொள்ளும். இரண்டு இஞ்சு என்றால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போட்டபோது எண்ணூற்று இருபது அடி வரைக்கும் புகைதான். வண்டிக்காரர் கேட்டதும் என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "போதுங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து வேலிக்கு அக்கட்ட, அந்தப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்டார். எண்ணூற்று எழுபதில் தண்ணீர் வந்தது. அதற்கு மோட்டாரும் பைப்பும் எங்கள் கடையில்தான் வாங்கினார். ஒவ்வொரு பைப்பாக எண்ணி, பில் போட்டுக் கொடுத்தவள் நான். கைராசிக்காரி என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கு இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இதையெல்லாம் சுமந்துகொண்டுதான் கப்பல் ஏறினேன்.

மறுநாள் காலை மேல்தளத்துக்குப் போனோம். எந்தப் பக்கமும் கரை இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர், அது முடிகிற இடத்தில் வானம். நான் ராமேசுவரம், கன்னியாகுமரியில் கடல் பார்த்தவள்தான். ஆனால் அங்கே கரையில் நிற்கிறோம், கடல் ஒரு பக்கம்தான் இருக்கும். இங்கே நடுவில் நின்றேன். நிறம்கூட நான் நினைத்திருந்த நீலம் இல்லை, மை மாதிரிக் கருநீலம். மோட்டார் வைத்து ஏற்ற வேண்டிய தண்ணீரையே ஆயுள் முழுக்கப் பார்த்தவளுக்கு, இது என்ன என்று புரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது. நங்கையா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

எங்கள் டீலர் கூட்டமோ கடலைப் பார்த்தது ஐந்து நிமிடம். பிறகு நீச்சல் குளத்தைச் சுற்றி நின்று, இதற்கு எத்தனை ஹெச்பி மோட்டார் போட்டிருப்பான் என்று சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்த வழியாக ஒரு அதிகாரி வந்தார், மலையாளி. இந்த இடத்தில் கடல் எவ்வளவு ஆழம் என்று அவரிடம் கேட்டேன். ரெண்டாயிரம் மீட்டர் இருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு நடந்தார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஆறாயிரத்து ஐந்நூறு அடி. போர் வண்டியின் ராடு ஒன்று இருபது அடி. முந்நூற்று இருபத்தைந்து ராடு இறக்கினால்தான் தரை தட்டும், அதுவரைக்கும் புகையே கிடையாது, முழுக்கத் தண்ணீர். நங்கையாவிடம் சொன்னேன். "அடேங்கப்பா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம தோட்டத்துல இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார்.

ஏழு மணிக்கு ஆரம்பிப்பதாகப் பேச்சு. ஆனால் செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. கொச்சியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே சிக்னல் போய்விட்டது. கப்பலில் நெட் உண்டு, ஆனால் காசு கட்டி வாங்க வேண்டும். கீழ்த்தளத்தில் வரவேற்பு மேசைக்குப் போய் விலை கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு நாள் விலைக்குத் தோட்டத்தில் இருபது அடி போர் போட்டுவிடலாம். இருபது அடியில் தண்ணீர் வந்தாலும் வரும் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

விலையைச் சாக்காகச் சொன்னேன். உண்மையில் விலை ஒரு பொருட்டில்லை, கடையில் டீ வாங்கிக் கொடுத்தே அதைவிட அதிகம் செலவழிப்பேன். நெட் வாங்கினால் அவர் கேட்பார். கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அறுபது வகை வைத்திருந்தார்கள். எனக்கு இறங்கவில்லை. தொழிலே இதுதான் என்பதால் எந்நேரத்துக்கு எத்தனை அடி போயிருக்கும் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. பத்தரைக்கு நானூறு. ஒரு மணிக்கு அறுநூற்று ஐம்பது. மூன்று மணிக்கு எண்ணூற்று இருபது வந்துவிடும்.

"நெட்ட வாங்கு கண்ணு" என்றார் நங்கையா. "அவன் தனியா என்ன பண்ணுவான்? யாராச்சும் சொல்லோணுமல்ல?"

இரண்டே முக்காலுக்கு மறுபடியும் வரவேற்பு மேசைக்குப் போனேன். வரிசையில் நான்கு பேர். கையில் கார்டு. மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், அதன் வழியாகக் கடல் போய்க்கொண்டே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எண்ணூற்று இருபதில் புகை என்று அவர் சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். போ என்று சொல்லிப் பார்த்தேன். மனசுக்குள்கூட வாய் வரவில்லை. நிறுத்துங்க என்றுதான் சொல்வேன். எனக்கு அது தெரிந்தது. போன தடவை தப்பாகப் போனது, இந்தத் தடவை துணிந்துவிடுவோம் என்றெல்லாம் தோன்றவில்லை. சூடு பட்டவளுக்கு இன்னும் பயம்தான் கூடியிருந்தது. தோட்டம் போனாலும் பரவாயில்லை, இன்னொரு தரம் ரேட்டு ஏறி ஏறிப் புகை பார்க்க என்னால் முடியாது.

என் முறை வந்தது. அந்தப் பெண் கையை நீட்டினாள். ஜன்னலில் அவ்வளவு தண்ணீர், யாரும் போ என்றோ நில் என்றோ சொல்லாமல் அது பாட்டுக்கு இருந்தது. நான் யார் இதில் என்று தோன்றியது. சின்னவளாகிவிட்டேன், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. "சாரிம்மா, வேண்டாம்" என்று சொல்லிக் கார்டைப் பைக்குள் போட்டேன்.

நங்கையாவுக்கு வந்ததே கோபம். "அவனத் தனியா உட்டுப்போட்டயே, உனக்கு மனசாச்சி இருக்குதா?" என்று கேட்டுவிட்டு, மேல்தளத்தில் என்னை விட்டு நான்கு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். கடலைப் பார்த்தபடி இருந்தேன். அப்போது கப்பலை ஒட்டித் தண்ணீரிலிருந்து ஒரு கைப்பிடி வெள்ளி மாதிரி என்னவோ எழும்பி, பறந்து, தூரத்தில் விழுந்தது. மறுபடியும் எழும்பியது. மீன்கள். சிறகு வைத்த மீன்கள், ஐம்பது அறுபது இருக்கும், அலைக்கு மேல் குருவிக் கூட்டம் போலப் போயின. இப்படி ஒன்று உலகத்தில் உண்டென்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நங்கையா எழுந்து ஓடி வந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இருட்டும் வரைக்கும் விடவில்லை. அன்றைக்கு நான் பயந்ததும் மலைத்ததும் எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

மும்பைக் கட்டடங்கள் காலை வெயிலில் புகைபோலத் தெரிய ஆரம்பித்தபோது செல்போன் உயிர் பெற்றது. உறவுக்காரர்களின் காலை வணக்கங்கள் கொட்டி முடித்த பிறகு அவருடையது வந்தது. ஏழு குரல் பதிவு, ஒரு வீடியோ. நங்கையாவும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன்.

"வண்டி வந்துருச்சு. பூசை போட்டாச்சு. நீ சாப்புட்டியா?"

"நானூறு. புகைதான்."

"அறுநூறு. புகைதான். வெயிலு தாங்கல."

"எட்டுநூத்தி இருவது. போன தடவ நிறுத்துன எடம். வண்டிக்காரரு கேக்கறாரு. என்ன பண்ணட்டும் அம்மணி? சொல்லு."

அதற்கடுத்தது அரை மணி நேரம் கழித்து வந்திருந்தது. "ஒரு டிக்குதான் காட்டுது. உனக்குப் போயே சேரல போல. வண்டி சும்மா நிக்குது." பின்னால் வண்டிக்காரர் முணுமுணுப்பது கேட்டது. அந்த அரை மணி நேரம் நான் எங்கே நின்றேன் என்று நினைத்தேன். நங்கையா என்னைப் பார்க்கவில்லை.

"சரி. போடச் சொல்லிப்போட்டேன்."

"ஆயிரம். புகைதான். தப்புப் பண்ணிப்போட்டனா என்னன்னு தெரியில. இன்னுங் கொஞ்சம் போயிப் பாக்கறேன்."

பிறகு வீடியோ. வெள்ளைப் புகை, வெள்ளைப் புகை, அப்புறம் அது சாம்பல் நிறமாகி, ஈரக் கட்டிகளாகத் தெறித்து, ஒரே மூச்சில் சேற்றுத் தண்ணீராகப் பீய்ச்சியது. வண்டி ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். "ஒண்ணர இஞ்சுக்குக் கொறையாதுங்க" என்று யாரோ சொன்னார்கள். செல்போன் ஆடி ஆடி அவர் முகத்துக்குத் திரும்பியது. தலை, மீசை, இமை எல்லாம் மாவு பூசினது போல வெள்ளை. கண்ணிலிருந்து இரண்டு கோடு மட்டும் கறுப்பாக இறங்கியிருந்தது. "ஆயிரத்தி நூத்தி நாப்பது" என்றார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கீழே அரபிக் கடல் முழுக்க இருந்தது. நான் அழுதது ஒன்றரை இஞ்சுக்கு.

உடனே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "கடலு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ஏனுங்க, நான் ஒண்ணு சொல்லோணுங்க" என்றேன். "நெட்டு இருந்துதுங்க. நான்தான் வாங்கல. வாங்கியிருந்தா எட்டுநூத்தி இருவதுலயே நிறுத்தச் சொல்லியிருப்பனுங்க."

மோட்டார் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. அதற்குள் மோட்டாரே இறக்கிவிட்டாரா என்று வியாபாரி புத்தி யோசித்தது.

"எனக்கும் தெரியும் அம்மணி" என்றார். "கேட்டுப் போட்டுட்டு, அந்த ஒரு டிக்கையே பாத்துட்டு அரை மணி நேரம் நின்னேன். ரெண்டாவது டிக்கு உளுந்துறக் கூடாதுன்னு சாமியக் கும்பிட்டுட்டே நின்னேன்."