கோலமாவுக் கோடு

திருப்பதியில ஒரு ஜூனியர் காலேஜ்ல வருஷா வருஷம் அணுப் பாடம் எடுக்கிறவ நான். யுரேனியம் மாதிரி பெரிய கருவுல ஒரு நியூட்ரான் போய் இடிச்சா, அது ரெண்டாப் பொளந்துக்கும். கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் தெறிச்சு அடுத்ததை இடிக்கும். இது பிளவு. சூரியன்ல நடக்கிறது நேர்மாறு, குட்டி ஹைட்ரஜன் கருக்கள் ஒண்ணாச் சேர்ந்து ஹீலியம் ஆவும். அது இணைவு. ரெண்டுலயும் எடை துளி குறையும், அந்தத் துளிதான் அத்தனை சூடும். "எது மேடம் ஈஸி?"ன்னு பசங்க கேட்பாங்க. "பொளக்கிறதுதான். சேர்க்கணும்னா லேசுல ஒண்ணை ஒண்ணு கிட்டயே விடாதுங்க"ன்னு சொல்லி அடிக்கோடு போடச் சொல்வேன்.

போன வருஷம் என் கழுத்துல தைராய்டு கட்டி. கேன்சர்னாங்க. ஆபரேஷன் முடிஞ்சு, மிச்சம் மீதியைப் பொசுக்க ஒரு மாத்திரை குடுத்தாங்க. கதிர் வீசுற அயோடின். யுரேனியம் பொளக்கிறப்போ விழுற துண்டுங்கள்ல இதுவும் உண்டு, மருந்துக்குன்னே அணு உலையிலயும் செய்யிறாங்க. போர்டுல எழுதி எழுதி அழிச்ச சனியன் இப்போ என் நாக்கு மேல. தண்ணி ஊத்தி முழுங்கினேன்.

"வீட்லயும் தனி ரூம்மா. நான் சொல்ற வரைக்கும் குழந்தையைக் கிட்ட சேர்க்காதீங்க"ன்னார் டாக்டர். எட்டு நாளைக்கு ஒருவாட்டி அந்தக் கதிர் பாதியாகும்னு அவருக்கு முந்தி நானே சொன்னேன். பெரிய மேதாவி! எனக்கு மூணு வயசுல ஒரு பொண்ணு.

வீட்டுக்காரர் நகரி பக்கத்து ஆளு. "இன்னாமே, இது குண்டு போடுற சமாச்சாரமா?"ன்னார்.

"அதே குடும்பம்தாங்க. கிட்ட வர்றவங்க மேலயும் வீசும். தள்ளி நின்னா கொறையும்."

மனுஷன் யோசிச்சார். என் ரூம் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஹால்ல கோலமாவால ஒரு கோடு இழுத்தார். அழுதுக்கினு இருந்த பொண்ணுகிட்ட, "கண்ணு, இது ஆட்டம். கோட்டைத் தாண்டினா அவுட்டு. அம்மா தாண்டினாலும் அவுட்டு"ன்னார்.

முதல்ல "அம்மா, அம்மா"ன்னு தொண்டை கிழியக் கத்தினா. உள்ளே நான் முந்தானையை வாயில அடைச்சுக்கினு கிடந்தேன். அப்புறம் ஆட்டம் பிடிச்சுப்போச்சு. ஓடி வருவா, கோட்டுகிட்ட டக்குனு நிப்பா. நான் கட்டில்ல இருந்தே "அவுட் இல்லே!"ன்னு கை தட்டுவேன். சிரிப்பா.

ஒரு வழியா டாக்டர், "இனி தூக்கிக்கலாம்மா"ன்னார். வீட்டுக்கு வந்து தலைக்கு ஊத்திக்கினேன். வீட்டுக்காரர் ஈரத்துணியால கோட்டைத் துடைச்சார். கையை விரிச்சுக்கினு, "வாடி என் தங்கமே"ன்னு வெளியே வந்தேன்.

அவ சோபா வரைக்கும் பின்னாடியே போயிட்டா. "நைனா! அம்மா அவுட்டு!"ன்னு வீறிட்டா.

"ஆட்டம் முடிஞ்சிடுச்சு கண்ணு, போ"ன்னு அவர் கெஞ்சினார். நடந்து வந்தா. என்மேல படாம சுத்திக்கினு போனா, கோடு இருந்த இடத்துல கால் நின்னுடுச்சு. தரை பளபளன்னு கிடக்குது, மாவு ஒரு பொட்டு இல்லே.

"நல்லா ஆட்டம் கத்துக் குடுத்தீங்க, போங்க!"ன்னு அவர்மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவர் கண்ணும் கலங்கிப்போச்சு. அந்தக் கோடு இல்லேன்னா இவளை யார் காப்பாத்தியிருப்பாங்க?

ரெண்டு அடி பின்னாடி போய், கோடு இருந்த இடத்துக்கு ரூம் பக்கமா தரையில உக்காந்துட்டேன்.

அவ முகம் மலர்ந்துபோச்சு. அங்கேயே நின்னு, "அம்மா அவுட் இல்லே!"ன்னு கை தட்டினா.