பொழுதோட

தொண்ணூற்று ஆறில், பார்மசி கல்லூரிக் கருத்தரங்கில் வைதேகியின் ஆராய்ச்சிக்கு எல்லோரும் கைதட்டியபோது, சக விரிவுரையாளர் கோகிலவாணியின் கைகள் மடியிலேயே கிடந்தன.

மாணவர்கள் நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்க்க, தஞ்சாவூர்க்காரி வைதேகி கோகிலவாணியைத்தான் நோயாளியாக நடிக்க வைத்திருந்தாள். காலையில் போடவேண்டிய மாத்திரையை, "பொழுதோட போட்டுக்கறனுங்க" என்றாள் இவள், பல்லடத்துப் பேச்சில். சாயங்காலம் என்று பொருள். வெளியூர் மாணவர்கள் நேரத்தோடு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் வைதேகிக்கு இவ்வளவு பேரும் புகழும். பிறந்ததிலிருந்து பேசுகிற சொல், அதை ஆராயத் தனக்குத் தோன்றவில்லையே என்று கோகிலவாணிக்கு வயிறு எரிந்தது.

"நன்றியுரையில உங்க பேரப் போட்டிருக்கேன் கோகிலா" என்று கட்டுரையை நீட்டினாள் வைதேகி.

கோகிலவாணி வாங்கிப் பார்த்தாள். 'நோயாளியாக நடித்தவர்' என்றிருந்தது.

"ரொம்ப சந்தோசமுங்க" என்று சிரித்தாள் கோகிலவாணி. நடிப்பு அன்றைக்கும் பிசகவில்லை.