கடலைக்கு நடுவே தாய் சி

போன வருடம் பள்ளிக்கூடத்து ஸ்டாப்பில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கைப்பையோடும் ஒரு கட்டு விடைத்தாளோடும் ரோட்டில் விழுந்தேன். முட்டி ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் என் கணவர்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையோரம் அவருக்கு டயர் கடை. லாரிக்காரர்கள் வரும் காலை நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு என்னைச் சுமந்தார்.

"இப்பிடியே எத்தன நாளைக்கு? பேசாம வேலைய வுட்டுட்டு வூட்லயே இரு," என்றார் ஒருநாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அலுப்பாகச் சொன்னார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருவதைத் தவிர உருப்படியாக எனக்கு வேறெதுவும் தெரியாது.

முட்டிக்குப் பயிற்சி கொடுத்த பெண் தாய் சி செய்யச் சொன்னாள். சீனத்துச் சண்டைக்கலைதான், ஆனால் மெதுவாகச் செய்வது. கால் ஊன்றி நிற்கப் பழக்கும் என்றாள். போனில் வீடியோ பார்த்து மொட்டை மாடியில் ஆரம்பித்தேன். வெள்ளைக் கொக்கு சிறகை விரிப்பதாக ஒரு நிலை. வீடியோவில் ஒரு கிழவர் அழகாக விரித்தார். நான் விரித்தது கொடியில் காயப்போட்ட நைட்டி காற்றில் ஆடியதுபோல இருந்திருக்கும். எதிரியை நெட்டித் தள்ளுவதாக இன்னொன்று. என் வேகத்துக்கு அந்த எதிரி டீ குடித்துவிட்டே வரலாம்.

பக்கத்து வீட்டு அக்கா அவர் மாடியிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங்க டீச்சர், காக்கா ஓட்றீங்களா?"

எங்கள் மாடியில் ஓரமாக நிலக்கடலை காய்ந்துகொண்டிருந்தது. சண்டை பயில்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாங்கக்கா," என்றேன்.

"இவ்ளோ மெதுவா ஓட்னா காக்கா உங்க தலமேலயே உக்காந்துக்குமுங்க."

மறுநாள் ஒரு மூட்டைக் கடலையோடு வந்துவிட்டார். "எப்படியும் நீங்க மேலதான நிக்கறீங்க, எங்க கள்ளக்காயையும் பாத்துக்கோங்க." அவரைப் பார்த்து எதிர்வீடு, எதிர்வீட்டைப் பார்த்துக் கடைசி வீடு. அறுவடை நேரம் வேறு. எங்கள் மாடி தெருவுக்கே களமாகிவிட்டது, நான் சம்பளமில்லாத காவல்காரி.

கால் வைக்க இடமில்லை. கடலைக்கு நடுவே பாதமளவு இருந்த சந்துகளில், ஒரு காலில் பாரத்தை நிறுத்தி, அடுத்த காலை மெல்லத் தூக்கி வைக்கவேண்டியிருந்தது. தப்பினால் யாரோ ஒருவர் வீட்டுக் கடலை நொறுங்கும், தெருவே விசாரிக்கும். வீடியோக் கிழவர் எவ்வளவோ சொல்லியும் வராத நிதானம் இந்தப் பயத்தில் வந்துவிட்டது. வெட்கங்கெட்ட கால்!

ஒருநாள் காலை கடைக்கு லோடு வந்ததால் கணவரால் நகர முடியவில்லை. "லீவு போட்டுக்க," என்றார். அன்று பிள்ளைகளுக்குக் கணக்குப் பரீட்சை. ஷேர் ஆட்டோவில் தர்மபுரி போய், பள்ளிக்கூடம் வழியாகப் போகும் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஏறியதும் பயம் பிடித்துக்கொண்டது. ஸ்டாப் வருவதற்கு வெகுமுன்பே எழுந்து படிக்கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றேன். பஸ் நின்றது. பாரத்தை இடது காலில் நிறுத்தி, வலது காலை மெதுவாகக் கீழே விட்டேன். பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

"ஏம்மா, எறங்கறதுக்கு நல்ல நேரம் பாக்கறீங்களா?" என்றார் கண்டக்டர்.

ஒரு பாதம் தரையைத் தொட்டது. பிறகு இன்னொன்று.

பஸ் போன பிறகுதான் பார்த்தேன், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கியிருந்தேன். கணக்கு டீச்சர்! சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கணவருக்குப் போன் செய்தேன்.

"பஸ்ஸவுட்டு எறங்கிட்டேங்க," என்றேன்.

அந்தப் பக்கம் காற்றடிக்கும் மெஷின் சத்தம் நின்றது. "வுழுந்துட்டியா?" என்றார்.

"இல்லீங்க. நிக்கறேன்."