மின்சாரம் போனால் திறக்கும் பூட்டு

ஆபீசில் எல்லோரும் அவளைப் போர்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளங்கை அளவில் ஒரு பச்சைப் போர்டு. அதற்குள்ளே முழுக் கம்ப்யூட்டர். லினக்ஸ் ஓடும், வைஃபை பிடிக்கும். அதில் வயர்களை மாட்டி, புரோகிராம் எழுதி, இனிமேல்தான் கடைக்கு வரப்போகிற பொருளுக்கு முதல் மாதிரியைச் செய்து பார்ப்பது அவள் வேலை. அவள் செய்த மாதிரிகளில் பாதி மேசையிலேயே உயிரை விட்டுவிடும். "பெத்ததுல பாதி பொழைச்சா போதாதா?" என்று சிரிப்பாள்.

அந்த வருடம் அவள் கையில் இருந்தது ஒரு கதவுப் பூட்டு. சாவி கிடையாது. கதவின் மேல் பெரிய மேக்னட். மின்சாரம் இருக்கும்வரை யானை தள்ளினாலும் விடாது. போர்டோடு இணைந்த கேமரா, தெரிந்த முகத்தைப் பார்த்தால் மட்டும் திறக்கும். மின்சாரம் போனால் பூட்டு விட்டுவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். "தீப்பிடிச்சா உள்ள இருக்கிறவங்க வெந்து சாகவா சார்?" என்று முதலாளியிடம் சண்டை போட்டாள். சாதாரண மின்தடைக்கு ஒரு பேட்டரி வைத்தாள். பழைய தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டுத் தன் வீட்டுக் கதவிலேயே அதை மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தங்கை ஒரு பையோடு வந்து நின்றாள். உதடு கிழிந்திருந்தது. கழுத்தைத் துப்பட்டாவால் சுற்றியிருந்தாள்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்க்கா."

அக்கா துப்பட்டாவை விலக்கிப் பார்த்தாள். "எந்தக் கதவுக்குடி அஞ்சு விரல் இருக்கு?"

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழம்பில் உப்பு குறைந்ததற்காக ஆரம்பித்ததாம். புருஷன் குழாயடிக் கல்லில் முகத்தை வைத்து அமுக்கியிருக்கிறான். பல் ஒன்று உடைந்ததைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தாள். ஏன் எடுத்து வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா லேப்டாப்பைத் திறந்து, பூட்டுக்குத் தெரிந்த முகங்களிலிருந்து தங்கை புருஷனின் முகத்தை அழித்தாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் அவன் வந்தான். அக்கா மேசையில் சூடான சால்டரிங் அயர்னால் ஒரு போர்டுக்குக் கம்பி பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். கதவுக் கேமராவின் திரையில் அவன் முகம் தெரிந்தது.

"அக்கா, கதவத் தொறங்க. பேசிட்டுப் போயிடறேன்."

"பேசுறதுன்னா ஸ்டேஷன்ல வந்து பேசு தம்பி."

அதன்பிறகு உதை விழ ஆரம்பித்தது. நிலைச்சட்டம் அதிர்ந்து சுவரிலிருந்து காரை கொட்டியது. மேக்னட் விடவில்லை. தங்கை சமையலறை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டாள். உதை நின்றது. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. போய்விட்டான் என்று அக்கா மூச்சு விட்டாள்.

ஆனால் அவன் தொழிலே வயரிங். கீழே மீட்டர் பெட்டி எங்கே இருக்கும், எந்த சுவிட்ச் எந்த வீட்டுக்கு என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேன் சுழற்சி குறைந்தது. பேட்டரியைச் சோதிப்பதற்காக முதல்நாள்தான் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுபோயிருந்தாள். அது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்க எழுந்தாள். அதற்குள் அவன் படியேறி வந்து கதவைத் தள்ளித் திறந்துவிட்டான்.

அவன் கையில் பெரிய ஸ்பேனர். முதல் அடி அக்காவின் தோளில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவளைத் தாண்டிப் போய்த் தங்கையின் முடியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். தங்கையின் தலை மேசைக்காலில் மோதியது. மோதியும் இழுத்தான்.

சால்டரிங் அயர்னுக்கு மின்சாரம் போயிருந்தாலும் சூடு போகவில்லை. அக்கா அதை எடுத்து அவன் கன்னத்தில் வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. அவன் அலறிக்கொண்டு திரும்பி ஸ்பேனரால் வீசி அடித்தான். அவள் காது கிழிந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. நல்ல கையால் மேசையிலிருந்த இரும்புப் பவர் சப்ளை பெட்டியைத் தூக்கி அவன் முழங்காலில் இறக்கினாள். விழுந்தான். இன்னொரு தடவை இறக்கினாள். ஸ்பேனர் அவன் கையை விட்டு எப்போதோ உருண்டுபோயிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"போதும்க்கா! செத்துருவாரு!"

கீழ்வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்த பிறகுதான் பெட்டி அவள் கையிலிருந்து விழுந்தது.

ஆஸ்பத்திரிக்கு வந்த இன்ஸ்பெக்டர் கேட்டார், "அவன் விழுந்த பிறகும் அடிச்சியாம்மா?"

"அடிச்சேன் சார்."

பக்கத்தில் நின்ற அவளுடைய வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தங்கை பல நாள் அவளோடு பேசவில்லை. கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் மட்டும் வாசலில் நின்றபடி, "நீ அடிச்சப்ப உன் மூஞ்சி அவர் மூஞ்சி மாதிரியே இருந்துச்சுக்கா" என்றாள். உடைந்த எலும்பைவிட அதுதான் அவளைத் தூங்கவிடாமல் வதைத்தது.

கோர்ட்டில் தங்கை எதையும் மறைக்கவில்லை. பல் உடைந்த கதையைச் சொன்னாள், அக்கா நிறுத்தாமல் அடித்ததையும் சொன்னாள். அவனுக்குச் சிறை. கால் இனி மடங்காது. அக்காவை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

முதலாளி, மின்சாரம் போனால் பூட்டிக்கொள்ளும்படி மாற்றிவிடலாமா என்று கேட்டார். போர்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. உள்பக்கம் கையால் போடுகிற கனமான தாழ்ப்பாள் ஒன்றைச் சேர்த்தாள். "உள்ள இருக்கிறவங்க போடட்டும், உள்ள இருக்கிறவங்க எடுக்கட்டும்" என்றாள்.

தங்கை இப்போது தனி அறை எடுத்து ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். இருவரும் சமைப்பார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் சண்டை போடுவார்கள். ஒரு ஞாயிறு, சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது தங்கை கேட்டாள்:

"தையல்காரர் வரலேன்னா நிறுத்தியிருப்பியா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "தெரியலடி. நானும் தினம் அதையேதான் கேட்டுக்கிறேன்."

 தங்கை தட்டை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.