பெரியப்பா கட்டிய பூப்பொட்டலங்கள்

எனக்கு இதயத்தில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தபோது நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டை வாளியில் தண்ணீர் நிற்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஓடினால் எனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்பதும் சுலபமாக விளங்கிவிட்டது. பள்ளியில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். வீட்டில்தான் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்தாக வேண்டுமாம். யாரிடம் செய்வது என்பதில்தான் சண்டை.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, பண்ருட்டியில் பலாப்பழ மண்டி வைத்திருந்தார். எங்கள் வீட்டில் எதுவும் அவர் சொன்னபடிதான் நடக்கும். அவருக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து, கடலூரில் ஒரு டாக்டர் பிழைக்கவைத்திருந்தார். அன்றிலிருந்து உலகத்தில் டாக்டர் என்றால் அவர் ஒருவர்தான். மண்டிக்கு வருகிறவர்கள் காலில் ஆணி என்று சொன்னாலும் அந்த ஹார்ட் டாக்டரிடமே போகச் சொல்வார்.

"என் உசுரையே புடிச்சி நிறுத்துனவரு. பாப்பாவுது சின்ன ஹார்ட்டு. அவுருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

குழந்தைகளின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரம்மா சனிக்கிழமைதோறும் புதுச்சேரியிலிருந்து சிதம்பரத்துக்கு வந்துபோகிறார் என்று அம்மா விசாரித்து வைத்திருந்தாள். அப்பா தன் அண்ணன் எதிரில் வாய் திறக்காதவர். அம்மா அழுது அடம்பிடித்ததில், "சரி, பாத்துட்டுதான் வாங்களேன்" என்று பெரியப்பா இறங்கிவந்தார். இறங்கிவந்தவர் எங்களோடு சிதம்பரம் பஸ்ஸிலும் ஏறிவிட்டார்.

டாக்டரம்மா முதலில் என்னிடம்தான் பேசினார். ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, என் நெஞ்சையே கேட்கச் சொன்னார். பிறகு அதைப் பெரியப்பாவின் நெஞ்சில் வைத்தார். அவருடையது கதவைத் தட்டுவதுபோலத் தெளிவாகக் கேட்டது. என்னுடையதில் நடுநடுவே 'உஸ்' என்று காற்று போனது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்ததில் எனக்கு ஊசி பயமே மறந்துவிட்டது. பெரியப்பா தன் டாக்டரின் பெருமையைச் சாவகாசமாக எடுத்துச் சொன்னார். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல டாக்டர்தாங்க. ஆனா பெரியவங்க ஹார்ட்டு வேற, குழந்தைங்க ஹார்ட்டு வேற. எங்கிட்டதான் வரணும்னு நான் சொல்லல. எங்க போனாலும் இத மட்டும் கேளுங்க. குழந்தைங்களுக்கு இந்த ஆபரேஷன அடிக்கடி பண்றீங்களா? முடிஞ்சப்புறம் கூட இருந்து பாத்துக்க, குழந்தைங்கள பாத்துப் பழகுனவங்க இருக்காங்களா?"

திங்கட்கிழமை காலையில் பெரியப்பா மண்டியிலேயே நல்ல பழமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கடலூர் டாக்டரைப் பார்க்கப் போனார். போன வேகத்தில் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்தார். என்ன சொன்னார் என்று அம்மா கேட்டதற்கு, "டாக்டரு பிசி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பூ கட்டிப் பாத்துடலாம். அம்மன் சொல்றதுதான்" என்றார்.

எங்கள் குலதெய்வத்திடம் அப்படித்தான் உத்தரவு கேட்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சந்நிதியில் வைத்துக் குழந்தை கையால் ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெரியப்பா இதில் ரொம்பக் கறார். ஆசைப்பட்டுப் பேசி முடித்த லாரியை, பூ மாறி வந்தது என்று வேண்டாமென்றவர். அவர் மகளுக்கு அமைந்த நல்ல மாப்பிள்ளையும் அப்படித்தான் கைநழுவிப் போனார்.

அன்றுதான் அம்மா அவரை எதிர்த்துப் பேசி நான் பார்த்தேன்.

"எம் பொண்ணு உசுரு மாமா. லாரி இல்ல."

பெரியப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெள்ளை அரளி வந்தால் சிதம்பரத்து டாக்டரம்மா, சிவப்பு அரளி வந்தால் கடலூர் டாக்டர். பூசாரியைத் தொடவிடாமல் பெரியப்பாவே எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வாழையிலையில் மடித்துக் கட்டினார். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். பெரியப்பா மட்டும் பூசாரியிடம் முந்திரி விலை பேசிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்திலேயே தைரியசாலி அவர்தான் என்று நான் முடிவு செய்தேன்.

நான் எடுத்ததில் வெள்ளை வந்தது. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெரியப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "என்னா பண்றது, அம்மன் சொல்லிட்டா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் மடியில் சாய்ந்திருந்தபோது, சட்டைப் பையில் நான் எடுக்காத இன்னொரு பொட்டலம் எட்டிப்பார்த்தது. எடுத்துப் பிரித்தேன்.

"பெரியப்பா, இதுலயும் வெள்ளதான்."

முன் சீட்டிலிருந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூவோடு சேர்த்து என் கையை மூடினார்.

"அம்மன் மனசு வச்சா செவப்பையும் வெள்ளயா ஆக்கிடுவா. யாருகிட்டயும் சொல்லிடாத."

நான் அப்படியே நம்பினேன். டாக்டரம்மாவின் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, எனக்காகப் பூவின் நிறத்தையே மாற்றியவள் கூட வருகிறாள் என்று கொஞ்சமும் பயமில்லாமல் போனேன். இப்போது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் குடியிருக்கிறேன். மூச்சு வாங்குவது விருந்தாளிகளுக்குத்தான்.

பெரியப்பா கடைசிவரை, "எங்க டாக்டருகிட்ட போயிருந்தா இன்னும் சீக்கிரம் ஆயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். குழந்தைக்கு டாக்டரம்மாதான் சரி என்று கடலூர் டாக்டரே அன்று அவரிடம் சொல்லி அனுப்பியிருப்பார் என்பதும், ஊரெல்லாம் பேசிய வாயால் அதை வீட்டில் சொல்ல முடியாமல் அவர் எப்படித் தவித்திருப்பார் என்பதும் எனக்கு வளர வளரப் புரிந்தன. இன்னொன்று புரியத்தான் வெகுகாலம் ஆனது. அம்மனைக் கேட்காமல் ஒரு லாரிகூட வாங்காத மனிதர், என் விஷயத்தில் மட்டும் அவள் சிவப்பைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, அவளுக்கே வாய்ப்புக் கொடுக்கவில்லை.