பரணில் ஏற்றாத சுண்ணாம்பு

பாலாறு என்றால் எங்களுக்கு மணல்தான். ஊற்றுத் தோண்டிக் குடித்தோம், குறுக்கே மாட்டுவண்டி ஓட்டினோம். ஆனால் மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்தால், இங்கே ஒரு தூறல்கூட இல்லாத பகலிலும் ஆறு கரை முட்ட வந்துவிடும். என் அப்பா காலத்தில் அப்படி வந்து பாதித் தெருவைக் கொண்டுபோயிற்று. நான் வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பின் கிடங்குச் சுவரில், அந்தத் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் காவியால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். என் இடுப்புக்குச் சற்று மேலே இருக்கும்.

ஐப்பசி பிறந்ததும், தோலின் மயிரை உதிர்க்க வைத்திருக்கும் சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் கூடை கூடையாகக் கோட்டுக்கு மேலிருந்த பரணில் ஏற்றிவிடுவது எங்கள் வழக்கம். தண்ணீர் பட்டால் அந்தக் கல் கொதித்து வெடிக்கும். அதே கிடங்கில்தான் தோலை ஊறப்போடும் காய்ந்த ஆவாரம் பட்டையும் கூரை வரை அடுக்கியிருக்கும்.

அந்த வருஷம் நான் புது மேஸ்திரி. தலைகால் புரியவில்லை. சுண்ணாம்புக் குழி பார்த்துக்கொண்டிருந்த பாய் என்னைவிட மூத்தவர். அவரே வந்து கேட்டார்.

"மேஸ்திரி, ஐப்பசி வந்துடுச்சு. கல்லை மேல ஏத்திடலாமா?"

"மழை எங்க பாய்? வானம் வெளுத்துக் கெடக்கு. இருக்கிற வேலையே ஜாஸ்தி. பேஜார் பண்ணாம தோலைப் பாருங்க."

அவர் குழிக்குத் திரும்பிப் போனார்.

கார்த்திகையில் ஒரு முற்பகல், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு இரைந்தது. ஜனங்கள் ரயில் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். ஷாப்புக்குப் பின்னால்தான் என் குடிசை. என் மனைவிக்கு ஏழு மாதம். ரயில் மேடு வரை அவளால் ஓட முடியாது என்று நானே முடிவு செய்தேன். கையைப் பிடித்துக் கிடங்குக்கு இழுத்துவந்து, "பட்டை மேல ஏறி உக்காரு, இங்க தண்ணி எட்டாது" என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். ஏறினாள்.

நான் தொட்டிகளில் ஊறும் தோல்கள் மிதந்து போகாமல் மேலே பாறாங்கல் வைக்கப் போனேன். தோல் போனால் வேலை போகும் என்ற பயம். கீழே மூலையில் கிடந்த சுண்ணாம்பு நினைவுக்கே வரவில்லை. இதைச் சொல்லும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கிடங்குக்குள் தண்ணீர் கணுக்கால் அளவுதான் புகுந்திருக்கும். சீறும் சத்தம் கேட்டது. கூரைவழியாக வெள்ளையாக ஆவி கிளம்பியது, பிறகு பட்டை கருகும் புகை. நான் ஓடிவருவதற்குள், மேலே மூச்சு முட்டிய அவள் கீழே குதித்துவிட்டாள். கொதிக்கும் சுண்ணாம்புச் சேறு முகத்தில் தெறித்தது. பாய்தான் உள்ளே பாய்ந்து அவளைத் தூக்கிவந்தார். அவர் கால்களும் வெந்துபோயின.

பிள்ளை பிழைத்தது, பெண். அவளும் பிழைத்தாள். கண்கள் இரண்டும் போய்விட்டன. மகள் முகத்தை அவள் விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டாள். கேட்டவர்களிடம் எல்லாம் வெள்ளத்தின் மேல் பழியைப் போட்டேன். பாய் கடைசிவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

மகளுக்குக் கல்யாணமான வருஷம், ஐப்பசியில், என் மனைவி தானாகவே கேட்டாள்.

"கல்லை மேல ஏத்திட்டியா?"

"ஏத்தியாச்சு."

"அன்னிக்கு பாய் சொன்னப்போ நீ வேணான்னியே. கஞ்சி எடுத்தாந்து கதவாண்டதான் நின்னுட்டிருந்தேன்."

அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"கீழ சுண்ணாம்பு கெடக்குதுன்னு தெரிஞ்சா ஏறின?"

"தெரியும்" என்றாள். "நீ ஏறச் சொன்ன, ஏறினேன்."